பழைய ஸ்கூட்டருக்கு இலத்திரனியல் எரிபற்றல்

தொழிற் பாடம்

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. இந்த ஈரத்துக்குள் நம்மில் பலர் இடம் மாறி வாழ்கிறோம். 2006 இல் வேலை தொடங்கி 2012 இல் இயங்க ஆரம்பித்த மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக வீடு விட்டவர்கள் இருக்கிறார்கள். மண்சரிவு அபாயம் என்று லயத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையில் வீடும் மரக்கறிப் பாத்தியும் இழந்தவர்களும் இருக்கிறார்கள். புதிய இடத்தில் கூரை கிடைத்தாலும், பயிர் செய்யும் நிலம், சந்தை, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் முன்னைவிடத் தூரமாகிவிடுவது வழக்கம்.

இந்தத் தூரத்தைக் கடக்கப் பல குடும்பங்களுக்குக் கைகொடுப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அதனால் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த வெஸ்பா, பஜாஜ் சேத்தக் போன்றவற்றுக்கு மறுபடியும் மதிப்பு வந்தது. அவற்றில் கரட் மூட்டையும் போகிறது, காய்ச்சல் கண்ட பிள்ளையும் போகிறது. ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுபோனால் நட்டம் ஒரு நாள் கூலியோடு முடிவதில்லை.

“பொயின்ட்டைத் தூக்கிப் போட்டு இலத்திரனியல் எரிபற்றல் போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்” என்று கராஜ்களில் சொல்வார்கள். அது பாதி உண்மை. எது உண்மை, எது இல்லை, வேலையைச் செய்வதானால் வயர்களை எப்படி இணைப்பது என்பதை இப்பாடத்தில் காண்போம். பாடம் வெஸ்பா வகை இயந்திரத்துக்கு உரியது. பஜாஜ் நிறுவனம் 1972 முதல் 2009 வரை செய்த சேத்தக் ஸ்கூட்டரும் அந்த வழி வந்ததே. லம்பிரெட்டா வைத்திருப்போருக்குத் தத்துவம் ஒன்றுதான், உதிரிப்பாகங்கள் வேறு.

1. பொயின்ட் எப்படி வேலை செய்கிறது?

பிளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் உள்ளன. அது சுழலும்போது உள்ளே அசையாமல் நிற்கும் தட்டிலுள்ள சுருள்களில் மின்னோட்டம் பிறக்கிறது. இந்தத் தட்டை ஸ்டேட்டர் தட்டு என்போம். எரிபற்றலுக்கான சுருளின் மின்னோட்டம் பொயின்ட் மூடியிருக்கும்போது அதன் வழியே எர்த்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பிளைவீலோடு சுழலும் கேம் பொயின்ட்டைத் திறந்தவுடன் அந்த ஓட்டம் திடீரென அறுபடுகிறது. அந்த அதிர்ச்சியால் கொயிலில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் தீப்பொறியாகிறது. பொயின்ட் திறக்கும் இடத்திலேயே பொறி பறந்து முனை கருகாமல் காப்பது கண்டென்சரின் வேலை.

இரண்டு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்று என்றால் பொயின்ட்டும் நிமிடத்துக்கு 4,000 தடவை திறந்து மூடுகிறது. முனை கருகுகிறது. கேமில் உராயும் காலின் நார்க்கட்டை தேய்கிறது. தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறையப் பொறி விழும் நேரம் பிந்துகிறது. ஈரமோ, ஒயில் சீல் வழியாகக் கசிந்த ஒயிலோ முனையில் படிந்தால் பொறியே வராது. காலைப் பனியில் இருபது தடவை உதைத்தும் வண்டி எழும்பாததற்கு இதுவே பெரும்பாலான காரணம்.

2. இலத்திரனியல் முறையில் என்ன மாறுகிறது?

இங்கே பொயின்ட்டும் இல்லை, கண்டென்சரைத் தனியாக மாற்றும் வேலையும் இல்லை. ஸ்டேட்டரிலுள்ள சார்ஜ் சுருள் சில நூறு வோல்ட் மின்னழுத்தத்தைத் தருகிறது. சீ.டீ.ஐ. என்னும் சிறு பெட்டிக்குள் இருக்கும் மின்கொள்ளளவி அதைச் சேமித்து வைக்கிறது. பொறி விழவேண்டிய கணத்தில் சைகைச் சுருள் ஒரு சிறு துடிப்பை அனுப்புகிறது. அந்தத் துடிப்பு பெட்டிக்குள் இருக்கும் இலத்திரனியல் கதவைத் திறக்கிறது. சேமித்த மின் முழுவதும் ஒரே பாய்ச்சலில் கொயிலுக்குப் போகிறது. உராயும் பாகம் எதுவும் இல்லாததால் ஒரு தடவை சரியாக வைத்த நேரம் தானாக மாறுவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. வெஸ்பா ரலி 200 வண்டியில் 1972 இலேயே இலத்திரனியல் எரிபற்றல் வந்துவிட்டது. பிற்கால சேத்தக் வண்டிகளிலும் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது.

ஆனால் ஒரு குறையையும் அறிந்திருக்க வேண்டும். பொயின்ட் கெடும்போது பல நாள் எச்சரிக்கை தந்து கெடும். வழியில் நின்றாலும் ஒரு துண்டு உப்புத்தாள் கொண்டு துடைத்து வீடு வந்து சேரலாம். சீ.டீ.ஐ. பெட்டி கெட்டால் சொல்லாமல் கெடும். வழியில் திருத்த முடியாது. ஆகவே கழற்றிய பழைய தட்டையும் பிளைவீலையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒயில் தடவி ஒரு டின்னில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பணம் செலவழிக்கும் முன்

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை லூக்கா நற்செய்தியின் உவமையில் நாம் கேட்டிருக்கிறோம். ஸ்கூட்டருக்கும் அது பொருந்தும். கீழே உள்ளவற்றை முதலில் பாருங்கள். இவற்றில் ஒன்று குற்றமானால் இலத்திரனியல் போட்டாலும் அதே குற்றம் நிற்கும்.

(அ) பிளக். இடைவெளி 0.6 மில்லிமீற்றர் இருக்கட்டும். பிளக் தொப்பியும் தடித்த வயரும் வெடித்திருந்தால் மாற்றுங்கள். இரவில் இயந்திரம் ஓடும்போது வயரில் நீலப்பொறி ஊர்ந்தால் மின் வெளியே கசிகிறது.

(ஆ) பொயின்ட் இடைவெளி. 0.3 முதல் 0.5 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கண்டென்சரைப் புதிதாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தாலும் செலவு சிறிது.

(இ) காபரேட்டர். இது மலைநாட்டுக்கே உரிய விடயம். நம் உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஐதாக இருக்கிறது. கொழும்புக்கென்று வைத்த ஜெட்டோடு வண்டி இங்கே ஏறினால் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் உள்ளே போகும். பிளக் கறுத்து நனையும், பொறி பலவீனப்படும். குற்றம் எரிபற்றலில் என்று நினைப்போம்; உண்மையில் அது ஜெட்டில் இருக்கும். காற்று வடிகட்டி அடைபட்டிருந்தாலும் இதே அடையாளம்தான்.

(ஈ) கிராங் பெயரிங். பிளைவீலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்துவிட்டது. அந்த நிலையில் பொயின்ட் இடைவெளி நிலையாக நிற்காது. புதிய பிளைவீல் போட்டாலும் அது சுருள்களில் உரசி அவற்றைக் கெடுக்கும். முதற் செலவு பெயரிங்குக்கும் சீலுக்கும் போகட்டும்.

இவையெல்லாம் நன்றாக இருந்தும் ஈரத்தில் தொல்லை தொடர்ந்தால் மாற்றுவது பயனுள்ளது. ஒவ்வொரு நாளும் விடியுமுன் வண்டி எடுக்க வேண்டிய குடும்பத்துக்கு அந்தச் செலவு திரும்பி வரும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு நல்ல பொயின்ட்டே போதும்.

4. பாகங்களை வாங்கும்போது

நான்கு பொருள்கள் வேண்டும்: ஸ்டேட்டர் தட்டு, அதற்குரிய பிளைவீல், சீ.டீ.ஐ. பெட்டி, 12 வோல்ட் ரெகுலேட்டர். பழைய பிளைவீலோடு புதிய தட்டை வைத்து ஓட்ட முடியாது. காந்தங்களின் அமைப்பும் சைகை கொடுக்கும் இடமும் வேறு. தட்டும் பிளைவீலும் சோடியாகவே வரவேண்டும்.

அடுத்தது கிராங்கின் கூம்பு முனை. பிளைவீல் உட்காரும் அந்தக் கூம்பு எல்லா மொடல்களிலும் ஒரே அளவு அல்ல. “சேத்தக்குடையது, எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பழைய பிளைவீலைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், இரண்டின் துளையையும் சாவிக்கட்டை உட்காரும் வெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூம்பு சிறிது ஒவ்வாமல் போனாலும் ஓட்டத்தில் சாவிக்கட்டை வெட்டுப்பட்டு, பிளைவீல் வழுகி, கிராங்கே பாழாகும்.

பழைய வண்டி 6 வோல்ட் என்றால் பல்புகள் அனைத்தையும் 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஹோர்னும் அப்படியே. இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு நன்மை உண்டு. 30 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 5 அம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் 2.5 அம்பியர் போதும். பழைய மெல்லிய வயரில் வீணாகும் மின் குறைந்து, பனிமூட்டத்தில் வெளிச்சம் கூடும்.

5. கழற்றுதலும் பூட்டுதலும்

வேண்டிய கருவிகள்: ஸ்பேனர், திருகாணிச் சாவி, பிளைவீல் புல்லர், பிளைவீலைப் பிடிக்கும் கருவி, மல்டிமீட்டர்.

முதலில் பெற்றோல் குழாயை மூடுங்கள். பிளக் தொப்பியைக் கழற்றுங்கள். பெற்றரி இருந்தால் அதன் வயரை எடுத்துவிடுங்கள். வயர்களைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, ஒவ்வொரு வயருக்கும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பழைய வண்டியில் நிறத்தை நம்ப முடியாது. முன்னே கை வைத்தவர் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்.

பிளைவீல் நட்டைக் கழற்றியபின் புல்லரால் மட்டுமே பிளைவீலை இழுங்கள். சுத்தியலால் அடித்தால் கிராங் வளையும், காந்தம் வலுவிழக்கும். பழைய தட்டு நிற்கும் இடத்தை இயந்திர உடம்பில் கீறி அடையாளம் செய்து, பிறகு அதைக் கழற்றுங்கள். என்றாவது அதே தட்டுக்குத் திரும்ப வேண்டி வந்தால் அந்தக் கீறல் உதவும்.

தட்டுக்குப் பின்னால் ஒயில் நனைந்திருந்தால் ஒயில் சீலை இப்போதே மாற்றுங்கள். பிறகு புதிய தட்டை வைத்து, வயர்களை இறப்பர் வழியே வெளியே எடுங்கள். உள்ளே எந்த வயரும் பிளைவீலைத் தொடக்கூடாது. கூம்பை எண்ணெய் இல்லாமல் துடைத்து, சாவிக்கட்டையைச் சரியாக அமர்த்திப் பிளைவீலை ஏற்றுங்கள். நட்டை உங்கள் இயந்திரத்துக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்குங்கள். வெஸ்பா பி வகைக்கு அது 60 முதல் 65 நியூட்டன் மீற்றர். கையால் மெதுவாகச் சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

6. வயர் இணைப்பு

வெஸ்பா பி வகைத் தட்டிலிருந்து ஐந்து வயர்கள் வரும்.

பச்சை: சார்ஜ் சுருளிலிருந்து சீ.டீ.ஐ. யின் பச்சை முனைக்கு.
சிவப்பு: சைகைச் சுருளிலிருந்து சீ.டீ.ஐ. யின் சிவப்பு முனைக்கு.
வெள்ளை: எரிபற்றலின் எர்த். சீ.டீ.ஐ. யின் வெள்ளை முனைக்கு.
நீலம்: விளக்குச் சுருள். ரெகுலேட்டரின் ‘ஜீ’ முனைக்கும் விளக்குகளுக்கும்.
கறுப்பு: விளக்குச் சுருளின் எர்த். வண்டியின் உடம்புக்கும் ரெகுலேட்டரின் ‘எம்’ முனைக்கும்.

வேறு நிறுவனத்தின் தட்டில் நிறங்கள் மாறியிருக்கலாம். அப்போது மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அளந்து கண்டுபிடியுங்கள். பி வகையில் பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 500 ஓம், சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே ஏறத்தாழ 110 ஓம் காட்ட வேண்டும். மற்றத் தட்டுகளுக்கு விற்பவரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வண்டியை நிறுத்தும் வயர்: சாவியிலிருந்து அல்லது நிறுத்தும் பொத்தானிலிருந்து வரும் வயர் சீ.டீ.ஐ. யின் பச்சை முனையோடு சேர வேண்டும். சாவி மூடியிருக்கும்போது அது எர்த்தைத் தொடும், பொறி நின்றுவிடும். சாவி திறந்திருக்கும்போது எதையும் தொடக்கூடாது. இணைக்கும் முன் இரு நிலையிலும் மீட்டரால் சோதியுங்கள். பெற்றரியின் மின் இந்த வயருக்கு எந்த நிலையிலும் வரக்கூடாது. வந்தால் சீ.டீ.ஐ. கருகிவிடும். சில பழைய வண்டிகளில் பிரேக் பல்பும் எரிபற்றல் சுற்றோடு சேர்ந்திருக்கும். அதைப் பிரித்து விளக்குச் சுற்றில் சேருங்கள்.

எர்த்: மாற்றியபின் வரும் குற்றங்களில் ஏராளமானவை இங்கேதான். இயந்திரம் இறப்பரில் தாங்கி நிற்பதால் உடம்போடு இரும்புத் தொடர்பு உறுதியில்லை. இயந்திரத்திலிருந்து உடம்புக்குத் தனியாக ஒரு தடித்த வயர் போடுங்கள். சீ.டீ.ஐ. யும் ரெகுலேட்டரும் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியச் செய்யுங்கள். முனைகளில் சிறிது வஸ்லின் தடவுங்கள். வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் வளைவில் சொட்டிப் போகும், முனைக்கு வராது.

ரெகுலேட்டர் இல்லாமல் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள். பல்புகள் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். 6 வோல்ட் பெற்றரி இருந்தால் அதைச் சுற்றிலிருந்து நீக்குங்கள். பெற்றரி வேண்டுமென்றால் 12 வோல்ட் பெற்றரியும் அதற்குரிய சார்ஜ் ரெகுலேட்டரும் தேவை.

7. சோதனையும் நேரமும்

பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை இயந்திரத்தின் இரும்பில் உறுதியாக வைத்து உதையுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள், உள்ளே பெற்றோல் ஆவி இருக்கிறது. வயரைக் கையால் பிடிக்கவே கூடாது. இந்த மின் பொயின்ட் மின்னைவிடக் கடுமையாகத் தாக்கும். பிளக் இல்லாமல் வயரை வெறுமனே தொங்கவிட்டு உதைத்தாலும் சீ.டீ.ஐ. கெடலாம்.

பொறி வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து வண்டியைக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதுதான் ஆபத்து. பொயின்ட்டில் சிகரெட் தாளை வைத்து இழுத்து நேரம் பார்த்த முறை இங்கே செல்லாது. இயந்திரம் ஓடும்போது ஸ்ட்ரோப் விளக்கைப் பிளக் வயரில் மாட்டிப் பிளைவீல் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். வெஸ்பா பி 200 வண்டிக்குப் பொறி பிஸ்டன் உச்சிக்கு வர 23 பாகை முன் விழவேண்டும். மற்ற இயந்திரங்களுக்கு அவற்றின் கைநூல் சொல்லும் பாகை.

தட்டைப் பிளைவீல் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். சுற்றும் திசையில் திருப்பினால் பிந்தும். அளவுக்கு மிஞ்சி முந்தினால் ஏற்றத்தில் தட்டும் சத்தம் கேட்கும். பிஸ்டன் சூடேறித் துளைபடலாம், அல்லது சிலிண்டரில் இறுகிப் பின்சக்கரம் திடீரெனப் பூட்டிக்கொள்ளலாம். கொண்டை ஊசி வளைவில், பின்னால் பிள்ளை இருக்கும்போது அது நடந்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிந்தினால் வண்டி இழுக்காது, சைலன்சர் கொதிக்கும், பெற்றோல் வீணாகும்.

8. குற்றம் தேடும் வரிசை

பொறி வராவிட்டால் முதலில் நிறுத்தும் வயரைச் சீ.டீ.ஐ. யிலிருந்து கழற்றி உதையுங்கள். பொறி வந்தால் குற்றம் சாவியில் அல்லது அதன் வயரில். வராவிட்டால் எர்த்தைப் பாருங்கள். பிறகு சுருள்களின் ஓம் அளவுகளைப் பாருங்கள். இவை சரியாயிருந்தால் மட்டும் சீ.டீ.ஐ. யைச் சந்தேகித்து, நன்றாக ஓடும் வண்டியின் பெட்டியை மாட்டிச் சோதியுங்கள். குளிரில் ஓடிச் சூட்டில் நின்றால் சுருள்களைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். தட்டிலிருந்து வரும் வயர்களின் உறை சூட்டில் காய்ந்து வெடிப்பதும் உண்டு. அப்போது வயரை மட்டும் மாற்றினால் போதும், தட்டை மாற்றத் தேவையில்லை.

பாகத்தை மாற்றிக்கொண்டே போவது பணம் உள்ளவர் வழி. அளந்து பார்த்து மாற்றுவது நம் வழியாக இருக்கட்டும்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் குடியிருப்பில் எத்தனை பழைய ஸ்கூட்டர்கள் உள்ளன? அவை நின்றுபோன நாட்களில் எந்தெந்தக் குடும்பம் எதை இழந்தது?

2. புல்லர், மல்டிமீட்டர், ஸ்ட்ரோப் விளக்கு மூன்றையும் ஒரு வீடு வாங்குவது கடினம். பத்து வீடுகள் சேர்ந்து வாங்கினால் யார் பொறுப்பில் வைப்பது, எந்த ஒழுங்கில் இரவல் கொடுப்பது?

3. பாடசாலை விட்டு வேலை தேடும் நம் இளைஞர்களிலும் யுவதிகளிலும் மீட்டரில் ஓம் பார்க்கக் கற்க விரும்புவோர் யார்? அவர்களுக்கு முதல் வண்டியைத் தர யார் முன்வருவார்?

4. உங்கள் வண்டிக்கு இந்த மாற்றம் தேவையா? 3 ஆம் பகுதியிலுள்ள நான்கையும் பார்த்து, விடையை எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.